வாசித்தவர் பெயர் என்ன?

நூம்பல், வேலப்பன்சாவடி, வானகரம் பக்கத்து மாடியறைகளில் டிரம் தாளங்களைக் கணினியில் வெட்டி ஒட்டி இசை செய்கிற தம்பி, தங்கைகளுக்கு,



இந்த வேலை இரவு பதினொரு மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். பகலில் ஒரு பக்கம் பைபாஸ் லாரி, இன்னொரு பக்கம் எங்கோ எழும்பிக்கொண்டிருக்கும் அடுக்குமாடி. மைக்கைத் திறந்தால் கான்கிரீட் கலவை மெஷின்தான் முதலில் பாடும். அதனால் ராத்திரி, அதனால் ஹெட்போன். கீழிருந்து "இன்னும் தூங்கலையா?" என்று அம்மாவின் குரல் வரும் நேரத்தில், எஃப்.எல். ஸ்டூடியோ மென்பொருளின் திரையில் ஒரு அலைவடிவம் சீப்புப் பற்கள் போல விரிந்து கிடக்கும். அதன்மேல் செங்குத்தாகக் கோடுகள். ஒவ்வொரு கோடும் ஒரு வெட்டு.

அந்தக் கோப்பின் பெயரைப் பாருங்கள். 'அமென் 165' என்றோ, 'அமென் கிளீன் 2' என்றோ இருக்கும். பாட்டின் முதல் சொல் இருக்கிறது, வேகத்தின் எண் இருக்கிறது. அடித்த மனிதரின் பெயர் மட்டும் இல்லை.

அவர் பெயர் கிரெகரி கோல்மன். 1969-ல் 'தி வின்ஸ்டன்ஸ்' என்ற அமெரிக்கக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சர் எழுதிய 'கலர் ஹிம் ஃபாதர்' இசைத்தட்டின் முதல் பக்கத்தில் வந்தது, நன்றாக விற்றது, அடுத்த ஆண்டு கிராமி விருதும் வாங்கியது. இசைத்தட்டுக்கு இரண்டாவது பக்கம் என்று ஒன்று வேண்டுமே! அதற்குப் போட்டதுதான் 'அமென், பிரதர்' என்ற வாத்திய இசை. அதில் ஏறத்தாழ ஒரு நிமிடம் 26 விநாடி கடந்ததும் மற்ற எல்லாரும் கையை எடுத்துவிடுகிறார்கள். கோல்மன் மட்டும் தனியாக நான்கு பார் அடிக்கிறார். மொத்தம் 7 விநாடி. பிறகு ஊதுகுழல்கள் திரும்ப வந்துவிடுகின்றன.

அந்த நான்கு பாரையும் நூறு முறை வெட்டியவர்கள்கூட ஒருமுறை வெட்டாமல் உட்கார்ந்து கேட்டுப் பார்க்கலாம். முதல் இரண்டு பார் ஒன்றேபோல. கிக், ஸ்னேர், இடையில் ஸ்னேர் மேல் விரல் நுனியால் தொட்டதுபோல மெல்லிய கோஸ்ட் அடிகள். மூன்றாவது பாரில் கடைசி ஸ்னேர் விழவேண்டிய இடத்தில் விழாமல் ஒரு எட்டு தள்ளி விழுகிறது. மாடிப்படி இறங்கும்போது கடைசிப் படி இல்லாமல் போனதுபோல. நான்காவது பார் அந்தத் தடுமாற்றத்தை அப்படியே தொங்கவிட்டு, முடிவுக்குச் சற்று முன்னால் ஒரே ஒரு க்ராஷ் தட்டில் உடைகிறது. தாளக்கட்டும் அதன் மீறலும் 7 விநாடிக்குள் இரண்டுமே இருப்பதால்தான் அதை எப்படிக் கலைத்துப் போட்டாலும் உயிர் போவதில்லை. எல்லா அடியும் ஒழுங்காக விழுந்த ஒரு தாளத்தை வெட்டினால் ஒழுங்கான துண்டுகள்தான் மிஞ்சும்.

வாத்தியங்கள் ஓய்ந்து தாளம் மட்டும் நிற்கும் இடத்துக்கு அங்கே 'பிரேக்' என்று பெயர். நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம். ஆனால் சென்னை சபாக்களில் தனி தொடங்கியதும் பாதிக் கூட்டம் கேன்டீனுக்கு நடையைக் கட்டும் என்பது ஊரறிந்த கேலி. நியூயார்க்கின் பிராங்க்ஸில் கதை தலைகீழ். 1973 ஆகஸ்ட் 11 அன்று செட்ஜ்விக் அவென்யூவில் 1520 எண்ணுள்ள குடியிருப்பின் பொது அறையில், தங்கை வைத்த பார்ட்டிக்கு இசைத்தட்டு போட்டவர் கூல் ஹெர்க் என்ற இளைஞர். ஆடுகிறவர்கள் பாட்டுக்காகக் காத்திருக்கவில்லை, பாட்டு நின்று தாளம் மட்டும் வரும் அந்தச் சில விநாடிக்காகவே காத்திருக்கிறார்கள் என்பதைக் கண்டுகொண்டவர் அவர். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு பிளேயரில் வைத்து, ஒன்று முடிய முடிய மற்றொன்றைத் திருப்பி வைத்து அந்த விநாடிகளை நிமிடங்களாக நீட்டினார். இன்று நீங்கள் 'லூப்' என்று ஒரு பொத்தானில் செய்வதை அவர் இரு கைகளால் செய்தார்.

அதற்குப் பிறகு வந்த இயந்திரங்களின் கதையில் பெருமைக்குரியது அவற்றின் வறுமைதான். 1987-ல் வந்த ஈ-மியூ எஸ்பி-1200 இயந்திரத்துக்கு மொத்தமே 10 விநாடி நினைவகம். அதனால் 33 சுற்று வேகத்தில் ஓடவேண்டிய தட்டை 45-ல் ஓடவிட்டு, குறைந்த நேரத்தில் பதிவு செய்துகொண்டு, உள்ளே போனபின் வேகத்தைக் குறைத்தார்கள். அப்போது வந்த கரகரப்புதான் இன்று காசு கொடுத்து வாங்கும் பிளக்-இன். அதே தாளங்களை வெட்டத் தொடங்கிய லண்டன் பையன்களிடம் அந்த இயந்திரத்துக்கும் வசதியில்லை. வீட்டில் விளையாட்டுக்கு வாங்கிய அமிகா கணினி இருந்தது. நான்கே சானல், 8-பிட் ஒலி. அதில் இசைக் கட்டளைகள் மேலிருந்து கீழாக ரயில் பெட்டிபோல ஓடும். '9' என்று தொடங்கும் ஒரு கட்டளை உண்டு: சாம்பிளை ஆரம்பத்திலிருந்து வாசிக்காதே, நடுவில் இன்ன இடத்திலிருந்து வாசி என்பது அதன் பொருள். கத்தியே வைக்காமல் வெட்டுகிற வித்தை. 'ஜங்கிள்' என்று பெயர் பெற்ற அந்த இசையில் பாதி, தட்டச்சு செய்யப்பட்டது என்றே சொல்லலாம்.

அவர்கள் வேகத்தை ஏற்றினார்கள். கோல்மன் வாசித்தது நிமிடத்துக்கு ஏறத்தாழ 136 பீட். ஜங்கிளுக்கு 170 வேண்டும். டேப்பை விரட்டுவதுபோல அப்படியே ஏற்றினால் சுருதியும் கூடவே ஏறும். 170-ஐ 136-ஆல் வகுத்தால் சரியாக 1.25. அதாவது ஐந்துக்கு நான்கு. வீணையில் கை வைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும்: ஷட்ஜத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் உள்ள விகிதம் அது. கோல்மனின் ஸ்னேர் லண்டனில் காந்தாரம் ஏறி நின்றது. அந்தக் கீச்சிட்ட, பரபரத்த குரல்தான் ஜங்கிளின் அடையாளமாகிப் போனது.

வெட்டுகிற முறையிலும் உங்களுக்கு வீட்டுச் சொத்து ஒன்று இருக்கிறது. ஒரு துண்டை முழுதாக, பிறகு பாதியாக, பிறகு கால்வாசியாக, கடைசியில் பொடிப்பொடியாக வாசிக்கவைத்து ஒரு வெடிப்புக்குக் கொண்டுபோவீர்களே, மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிக்கும் 'குறைப்பு' அதுதான். பசுவின் வால்போல அகலத்தில் தொடங்கி ஒடுங்குவதால் கோபுச்ச யதி என்பார்கள். கனடாவின் வின்னிபெக்கிலிருந்து வெனிஷியன் ஸ்னேர்ஸ் என்ற பெயரில் இசை செய்யும் ஏரன் ஃபங்க், பிரேக்குகளை ஏழு பீட் கணக்கில் அடுக்குவதற்குப் பேர்போனவர். மேலைநாட்டு ரசிகர்களுக்கு அது தலை சுற்றல். மிஸ்ர சாபு கேட்டு வளர்ந்த காதுக்கு அது பழகிய தெரு. இந்த மரபைத் தூக்கிச் சுமக்கவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆனால் யூடியூப் பாடம் ஒன்றில் புதிதாகக் கற்றுக்கொண்டதாக நினைத்தது பக்கத்து வீட்டு மிருதங்க வகுப்பில் இருக்கிறது என்று தெரிந்தால் நேரம் மிச்சம்.

கோல்மனுக்குத் திரும்புவோம். 1986-ல் 'அல்டிமேட் பிரேக்ஸ் அண்ட் பீட்ஸ்' என்ற தொகுப்புத் தட்டில் 'அமென், பிரதர்' மறுபடி வெளிவந்தது. அங்கிருந்து அது ஹிப்-ஹாப்புக்கும் ஜங்கிளுக்கும், பிறகு விளம்பரங்களுக்கும் கார்ட்டூன் தொடர்களுக்கும் பரவியது. ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அந்த 7 விநாடி இருக்கிறது. இது நடந்துகொண்டிருப்பதே ஸ்பென்சருக்கு 1996-ல்தான் தெரிந்தது. அதற்குள் அமெரிக்கச் சட்டப்படி வழக்குப் போடும் கெடு பெரும்பாலும் கடந்துபோயிருந்தது. 2015-ல் பிரிட்டிஷ் டி.ஜே.க்கள் இருவர் இணையத்தில் உண்டியல் குலுக்கி 24,000 பவுண்டு திரட்டி அவரிடம் கொடுத்தார்கள். ஸ்பென்சருக்கு அவ்வளவாவது கிடைத்தது. அடித்தவரான கோல்மனுக்கு ஒரு காசு கிடைக்கவில்லை. அவர் 2006-ல் அட்லாண்டாவில், வீடின்றி இறந்துபோயிருந்தார்.

இது அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். பிளாக் ஐட் பீஸ் 2003-ல் வெளியிட்ட 'எலிஃபங்க் தீம்' பாட்டில் ஓடுவது இளையராஜா 1985-ல் 'ஸ்ரீ ராகவேந்திரர்' படத்துக்குச் செய்த 'உனக்கும் எனக்கும்'. எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசம் 2007-ல் வெளியிட்ட 'கலா' ஆல்பம் தொடங்குவதே 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' தாளத்தை வெட்டிப் போட்ட பாட்டோடுதான். அதே ஆல்பத்துக்காக அவர் சென்னைக்கு வந்து உறுமி அடிப்பவர்களை உட்காரவைத்துப் பதிவு செய்துகொண்டு போனார். நம் தாளம் வெட்டுக்கத்திக்கு அடியில் போய்வந்து கால் நூற்றாண்டு ஆகப்போகிறது. இசையமைப்பாளர் பெயர் எப்படியும் கிடைத்துவிடும். தோல் மேல் கைவைத்தவர் பெயர்? அந்தக் காலத்து கேசட் உறைகளில் படத்தயாரிப்பாளரின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், தவில்காரர் பெயருக்கு இடம் இருக்காது. வாத்தியம் வாசித்தவர்களின் பெயர்களை உறையில் அச்சிடும் வழக்கத்தை ஏ.ஆர். ரஹ்மான் கொண்டுவந்தது அவர் கொண்டுவந்த ஒலியளவுக்கே பெரிய விஷயம் என்பது இம்மடலை எழுதுகிறவரின் கட்சி. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இன்னும் ஒரு படி போனது. சாவு வீட்டு வாத்தியம் என்று ஒதுக்கப்பட்ட சட்டியும் கட்ட மோளமும் பறையும் கிதாருக்குப் பக்கத்தில் சமமாக, வாசிப்பவர் பெயரோடு நின்றன.

இப்போது உங்கள் தெரு. நூம்பலிலிருந்து திருவேற்காடு கருமாரியம்மன் கோயில் பக்கம்தான். ஆடி பிறந்தால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த ஞாயிற்றுக்கிழமையும் கூழ் வாசனை இல்லாமல் விடியாது. குழாய் ஸ்பீக்கரில் எல்.ஆர். ஈஸ்வரி. அதற்கு நடுவே பம்பை செட்டு. இடுப்பில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிய இரண்டு உருளைகள், ஒன்று மரம், ஒன்று பித்தளை. கூட உடுக்கை, கைச்சிலம்பு. அந்தப் பித்தளைப் பக்கத்தின் அடி எஃப்.எல்.லில் எந்த பேக்கிலும் இல்லாத ஒலி. உலோகத்தின் கார்வையும் தோலின் தடிப்பும் ஒரே அடியில் வரும். உடுக்கையோ, நடுவில் உள்ள கயிற்றை இறுக்கினால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். பிட்ச் பெண்ட் என்று நீங்கள் சக்கரத்தைத் திருப்பிச் செய்வதை அவர்கள் உள்ளங்கையில் செய்கிறார்கள்.

அதைப் பதிவு செய்ய இம்மடலை எழுதுகிறவர் ஒருமுறை கிளம்பினார். கையில் போன், மனதில் பெரிய ஆசை. நேராகப் பம்பைக்கு ஓரடி முன்னால் போய் நின்றார். வீட்டுக்கு வந்து திறந்தால் அலைவடிவம் முழுக்கச் செங்கல் சுவர்போலத் தட்டையாக நின்றது. ஒவ்வொரு அடியும் உச்சியில் நசுங்கியிருந்தது. அடிக்கும் அடிக்கும் நடுவில் போன் தானாகவே சத்தத்தைத் தூக்கிவிட்டதில் ஜெனரேட்டர் சேர்ந்து ஓடியது, பின்னால் யாரோ "செருப்பைக் கழட்டுங்க" என்று அதட்டியது தெளிவாகப் பதிவாகியிருந்தது. அந்த அதட்டல் ஒன்றுதான் பயன்படக்கூடிய சாம்பிள்.

தவறு போனில் மட்டும் இல்லை. கோல்மனுக்காக மற்றவர்கள் கையை எடுத்தார்கள். கோயில் வாசலில் யாரும் கையை எடுக்கமாட்டார்கள். பம்பை நின்றால் சாமி வராது, சாமி வந்தபின் பம்பை நிற்கக்கூடாது. அங்கே 'பிரேக்' என்று ஒன்று தானாக உண்டாகாது. கேட்டு வாங்கவேண்டும். திருவிழா இல்லாத நாளில் வரச்சொல்லி, மாடியிலோ மூடிய ஷெட்டிலோ உட்காரவைத்து, ஒரு நல்ல கையடக்க ரெக்கார்டரைத் தோலுக்கு நேராகப் பிடிக்காமல் நாலைந்து அடி தள்ளிச் சற்றுச் சாய்த்து வைத்து, அளவு காட்டும் முள் -12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்து, 24-பிட் வேவ் கோப்பாக எடுத்தால்தான் அந்தப் பித்தளையின் வால் வெட்டுப்படாமல் கிடைக்கும்.

எடுத்தபின் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. எஃப்.எல். ஒரு பீட்டை நான்காகப் பிரித்துக் கோடு போட்டு வைத்திருக்கிறது. அம்மன் தாளமும் குத்தும் பெரும்பாலும் மூன்றாகப் பிரிவன, திஸ்ர நடை. அதைக் கொண்டுபோய் நான்கு கட்டக் கிரிட்டில் குவான்டைஸ் செய்தால் கிடைப்பது, செருப்பு மாற்றிப் போட்டு நடக்கும் குத்து. ஸ்னாப்பை மூன்றில் ஒரு பீட்டுக்கு மாற்றுங்கள். அதற்கும் மேலே, எல்லா வெட்டையும் கோட்டில் கொண்டுபோய் ஒட்டாதீர்கள். கோல்மனின் அடிகளே கோட்டில் இல்லை; சில மில்லிவிநாடி முன்னும் பின்னும்தான் விழுகின்றன. அமென் வேகத்தில் ஒரு பீட்டின் கால்பாகம் 0.11 விநாடி. 44,100 என்ற பதிவு அளவில் அது 4,860 சொச்சம் எண்கள். அந்த 4,860-க்குள் அடி எங்கே விழுகிறது என்பதுதான் வாசிப்பவரின் கையெழுத்து. அலை பூச்சியத்தைத் தொடும் இடம் பார்த்து வெட்டினால் 'டிக்' சத்தம் வராது என்பதை நீங்கள் ஏற்கெனவே அறிந்திருப்பீர்கள். கையெழுத்தை அழிக்காமல் வெட்டுவது அதைவிடப் பொறுமையான வேலை.

காசு விஷயத்தையும் மூடி மறைக்கவேண்டாம். அரைநாள் கூப்பிட்டால், கோயில்காரர் அரைநாளுக்குக் கொடுப்பதை விடக் குறையாமல் கொடுங்கள். "எக்ஸ்போஷர் கிடைக்கும்ணா" என்று பம்பைக்காரரிடம் சொல்லாதீர்கள். அவர் வாரந்தோறும் ஆயிரம் பேர் முன்னால் வாசிக்கிறவர். இந்த ஒலியை எதற்கு எடுக்கிறோம், வெட்டி வேறு பாட்டில் போடுவோம், விற்றால் இன்ன பங்கு என்று ஒரு வெள்ளைத்தாளில் தமிழில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெயர் போடுவதை நல்ல மனசு என்று நினைக்கவும் வேண்டாம். சட்டமே சொல்கிறது. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 38பி பிரிவு, தன் நிகழ்த்துதலுக்குத் தன் பெயரைச் சொல்லக் கோரும் உரிமையை நிகழ்த்துகலைஞருக்குத் தருகிறது. யார் நிகழ்த்துகலைஞர் என்று அதே சட்டம் ஒரு பட்டியலும் தருகிறது: நடிகர், பாடகர், இசைக்கலைஞர், நடனக்காரர், கழைக்கூத்தாடி, வித்தைக்காரர், பாம்பாட்டிகூட. பாம்பாட்டிக்கு இடம் கொடுத்த சட்டத்தில் பம்பைக்காரருக்கு இடம் இல்லாமல் போகாது. ஆனால் சாம்பிள் பேக் சந்தையில் நிலைமை வேறு. 'இந்தியன் டிரைபல் 07' என்பதுபோன்ற பெயர்களில் ஏதோ ஒரு ஊரின் பறையும் உறுமியும் கிடக்கின்றன. அடிக்குச்சியும் சிம்புக்குச்சியும் பிடித்தவர் யார், எந்த ஊர், அது என்ன அடி, சாவுக்கா கல்யாணத்துக்கா சாமிக்கா, எதுவும் இல்லை. பறை என்ற பெயரையே வசையாக்கி வைத்திருந்த நாட்டில், அந்த ஒலியை எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிடுவது வெளிநாட்டுக் கம்பெனி மட்டும் செய்கிற காரியம் அல்ல.

ஆகவே கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வாத்தியம், வாசித்தவர், ஊர், நாள், நடை என்று ஐந்தும் இருக்கட்டும். நீளமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். கணினிக்குக் கை வலிக்காது. வெட்டி முடித்த பாட்டை முதலில் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள், ஹெட்போனைக் கழற்றி அவர் காதில் வைத்து. பெரும்பாலும் முகம் சுளிப்பார். "இது நான் அடிச்சது இல்லியே" என்பார். எந்த இடம் என்று கேளுங்கள். மூன்றாவது சுற்றில் உடுக்கை ஒரு அரைக்கால் முந்தி விழுகிறது என்று விரலால் தொடையில் தட்டிக் காட்டுவார். அந்தத் திருத்தத்தைச் செய்யுங்கள், அல்லது வேண்டுமென்றே அப்படி வைத்ததாகச் சொல்லி அவரோடு வாதாடுங்கள். இரண்டில் எது நடந்தாலும் அமென் பேக்கோடு இப்படி ஒரு பேச்சு நடக்காது. கோல்மனிடம் கேட்க யாருக்கும் வாய்க்கவில்லை.

அன்புடன்,
பக்கத்துத் தெருவிலிருந்து.

பின்குறிப்பு: ஆடி ஞாயிறுகளில் பம்பை செட்டு விடிகாலையிலேயே வந்து டீக்கடை ஓரமாக உட்கார்ந்திருக்கும். தேதி கேட்க, நம்பர் வாங்க அதுதான் நேரம். கூழ் ஊற்றத் தொடங்கிவிட்டால் அவர்களால் நிமிரவே முடியாது, சாமி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.